அடுப்படிக்கு வானிலை அறிக்கை கிடையாது

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பத்திரிகைகள் கிரிக்கெட் வர்ணனைக்கு மாறிவிடுகின்றன. ‘வேலூரில் வெயில் சதம்’, ‘பத்து இடங்களில் சதமடித்த வெயில்’. மற்ற எல்லாவற்றையும் மெட்ரிக் அளவுக்கு மாற்றிக்கொண்ட நாம் வெயிலை மட்டும் இன்னும் ஃபாரன்ஹீட்டில் சொல்கிறோம். 37.8 டிகிரி செல்சியஸ் என்று எழுதினால் சதம் வராது, 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதினால் வரும். செய்தியோடு வரும் படமும் ஏறக்குறைய ஒன்றுதான்: துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண், அல்லது இளநீர்க் கடையில் நிற்கும் கூட்டம். வெயில் என்பது வீதியில் இருப்பது, வீடு என்பது நிழல் என்று அந்தப் படம் சொல்கிறது. அரசின் எச்சரிக்கையும் அதையே சொல்கிறது: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் அளக்கவில்லை. அளக்காமலேயே அது பத்திரமான இடம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் கேள்வி கேட்பது இந்த முடிவைத்தான்.

வேலூர் மாவட்டத்தில் நான் குடியிருக்கும் தெருவில், கடந்த மே மாதம் 31 நாளும் வெப்பத்தை எழுதிவைத்தோம். எழுதியவர்கள் மூன்று பேர். நான், பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் அக்கா, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருந்த அவருடைய மகள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய மானிகள் மூன்று வாங்கினோம். ஒன்றை வடக்கு பார்த்த வராந்தாவில் நிழலில் மாட்டினோம். இன்னொன்றை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அடுப்படியில், அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, நான் நின்று வேலை செய்யும்போது என் தோள் இருக்கும் உயரத்தில் மாட்டினோம். மூன்றாவதை அக்கா உட்கார்ந்து பீடி சுற்றும் அறையில் வைத்தோம். அதன் கூரை அஸ்பெஸ்டாஸ் ஷீட். காலை 7, பகல் 12:30, மாலை 3:30, இரவு 10:30 என நான்கு வேளை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதுமாக இருந்தது.

அந்த நோட்டிலிருந்து சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வராந்தா நிழலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள் 9. ஷீட் அறையில் 40-ஐத் தாண்டிய நாட்கள் 27. காலை 7 மணிக்கு வராந்தா 29, 30 என்று காட்டும்போது, இட்லிக் கொப்பரை ஒரு பக்கமும் சாம்பார் ஒரு பக்கமும் கொதிக்கும் என் அடுப்படி 35, 36 என்று காட்டியது. தெருவில் வெயில் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே அடுப்படியில் பகல் வந்துவிடுகிறது. இரவு 10:30-க்கு வராந்தா 31 வரை இறங்கிவிட்ட நாட்களிலும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைகள் 34-க்குக் கீழே வரவில்லை. ஷீட் கூரை பகலில் சுடும், இரவில் சீக்கிரம் ஆறிவிடும். காங்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்து, நாம் படுக்கும் நேரத்தில் அதைக் கக்கும். ஏழைக்குப் பகலிலும், கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு இரவிலும் எரிகிறது. இரண்டு வீடுகளிலும் அந்த நேரத்தில் உள்ளே இருப்பது பெண்கள்தான்.

“ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?” என்று நோட்டைப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார். ஆண் நண்பர். அவருக்குப் பதிலை அக்காதான் சொன்னார்: “ஃபேன் போட்டா தூளு பறக்கும் சார். இலை காஞ்சி ஒடையும். ஒடஞ்ச இலைக்கு ஏஜெண்டு வேற இலையா குடுக்கப் போறாரு?” பீடி இலை ஈரப்பதம் குறையாமல் இருந்தால்தான் சுருளும். அதனால் ஈரத்துணியில் பொதிந்து வைப்பார்கள். அனல்காற்று பட்டால் முறமே வீணாகும். ஆகவே கதவு ஒருக்களித்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும், புகையிலைத் தூள் மூக்கில் இருக்கும். என் அடுப்படியிலும் அதே கதைதான். ஃபேன் போட்டால் கேஸ் அடுப்பின் தணல் அலையும், அணையும். அதனால் பெரும்பாலான வீடுகளில் அடுப்படிக்கு ஃபேன் மாட்டுவதே இல்லை. ஏசி வாங்கும் வீடுகளில் அது படுக்கையறைக்குப் போகிறது, அல்லது கூடத்துக்கு. அடுப்படிக்கு ஏசி மாட்டிய வீடு எதையும் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. காற்றை நிறுத்தினால்தான் நடக்கும் வேலைகள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். சமையல், பீடி, ஊதுபத்தி, தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குவது. எல்லாம் பெண்களின் கையில் இருக்கும் வேலைகள்.

அரசு வெப்பத்தை எப்படி அளக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். வெப்பமானி ஸ்டீவன்சன் பெட்டி என்னும் வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். பக்கங்கள் காற்றுப் புகும் சட்டங்களால் ஆனவை. திறந்த வெளியில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டருக்கு மேல், நேர்வெயில் படாமல் வைக்கப்படும். அது அளப்பது காற்றின் வெப்பத்தை. வானிலையைப் புரிந்துகொள்ள அப்படித்தான் அளக்க வேண்டும். வேலூர் அளவையும் சென்னை அளவையும், இந்த ஆண்டையும் 50 ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒரே முறை வேண்டும். அதில் எனக்குச் சண்டையில்லை. என் சண்டை, காற்றோட்டமான ஒரு வெள்ளைப் பெட்டி படும் வெப்பத்தையே மனிதர்கள் படும் வெப்பம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவதோடு.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘வெப்ப அலை’ என்று எதை அழைக்கிறது என்று பாருங்கள். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட வேண்டும், கடலோரத்தில் 37. அதோடு அந்த நாளின் இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது 45 டிகிரியைத் தொட வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். ஓர் ஊரின் மே மாத இயல்பு 39 என்றால், 43 டிகிரி அடித்தாலும் அங்கே வெப்ப அலை இல்லை. ஏனென்றால் அந்த ஊருக்கு வெப்பம் வழக்கம்.

‘வழக்கம்தானே’ என்ற சொல் பெண்களுக்குப் புதிதல்ல. மாதவிடாய் வலிக்கு அதைத்தான் சொன்னார்கள். குடித்துவிட்டு அடிப்பவனுக்கு அதைத்தான் சொன்னார்கள். இயல்பிலிருந்து விலகினால்தான் ஆபத்து என்ற கணக்கில், தினமும் நடப்பது ஒருபோதும் ஆபத்தாகாது. அடுப்படியின் 42 டிகிரி இன்று வந்ததல்ல, நேற்றும் இருந்தது, அம்மாவின் காலத்தில் விறகுப் புகையோடு இருந்தது. ஆகவே அது செய்தியாகாது, எச்சரிக்கையாகாது, இழப்பீட்டுக்கான காரணமும் ஆகாது. விலகலை மட்டுமே அளக்கும் அறிவியல், விலகவே முடியாதவர்களை அளக்காமல் விட்டுவிடுகிறது.

இரவுக்கும் ஒரு வரையறை இருக்கிறது. ‘வெப்ப இரவு’ என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பம் இயல்பை விட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். அதுவும் அதிகபட்ச வெப்பம் 40-ஐத் தொட்டிருந்தால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். ஆனால் உடம்பு பகலில் பட்டதிலிருந்து மீள்வது இரவில்தான். எங்கள் தெருவில் மே மாத இரவுகளில் ஆண்கள் மொட்டை மாடியில் படுக்கிறார்கள், வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள், கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். பெண்கள் கதவைத் தாழிட்டு உள்ளே படுக்கிறோம். பலர் ஜன்னலையும் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே இருக்கும் 31 டிகிரிக்கும் உள்ளே இருக்கும் 34 டிகிரிக்கும் நடுவில் இருப்பது வெறும் சுவர் இல்லை. யார் வானத்துக்குக் கீழே பயமில்லாமல் கண்ணயரலாம் என்ற தீர்ப்பு இருக்கிறது. உடையிலும் அதே தீர்ப்பு. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லுங்கியோடு உட்காரலாம். நாம் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் குப்பை வண்டிக்காரரிடம் குப்பையைக் கொடுக்கப் போக வேண்டும்.

இனி அரசின் அறிவுரைகளுக்கு வருவோம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெப்ப அலை அறிவுரைகளில் அடுப்படி பற்றி ஒன்று இருக்கிறது: உச்சி வெயில் நேரத்தில் சமைப்பதைத் தவிருங்கள், சமைக்கும் இடத்தில் காற்றோட்டத்துக்காகக் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆக, அடுப்படி ஆபத்தான இடம் என்பது அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் அது சொல்லும் தீர்வு என்ன? பகல் சாப்பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆகவே உச்சியில் சமைக்காதே என்பதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: நாலு மணிக்கு எழுந்திரு. சமையலைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

மோர் குடியுங்கள், எலுமிச்சைச் சாறு குடியுங்கள், கஞ்சி குடியுங்கள் என்கிறார்கள். மோரைக் கடைவது யார்? முதியவர்களையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கவனிப்பது யார்? தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும், மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பதும், வியர்வை நாறும் துணிகளைத் தினமும் துவைப்பதும் யார்? மே மாதத்தில் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள். வடகம், வற்றல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் இந்த வெயிலை நம்பித்தான். ‘இந்த வெயில் வீணாகக் கூடாது’ என்று, யாரும் வெளியே வரக் கூடாது என்று சொல்லப்பட்ட அதே நேரத்தில் பெண்கள் மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். வெயில் கூடக் கூட அவளுடைய வேலையும் கூடுகிறது. 2024-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள், ஆண் 88 நிமிடங்கள். அந்த 289 நிமிடங்களும் எத்தனை டிகிரியில் கழிந்தன என்று கேட்க அந்தக் கணக்கெடுப்பில் இடமில்லை. வானிலை நிலையத்தில் நேரம் இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, ஆள் இல்லை. கணக்கெடுப்பில் ஆள் இருக்கிறாள், நேரம் இருக்கிறது, வெப்பம் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதும்வரை இந்த உண்மை யார் கண்ணுக்கும் படாது.

என்னிடம் சொல்லப்பட்ட மறுப்புகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, ஆண்கள் வெயிலில் சாகவில்லையா என்பது. சாகிறார்கள். சாலை போடுபவர், மூட்டை தூக்குபவர், செங்கல் சூளையில் நிற்பவர், உணவு டெலிவரி செய்பவர் என எல்லோரும் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாய ஓய்வும் வேண்டும் என்று கேட்கும் வரிசையில் நானும் நிற்பேன். அந்தச் சூளையிலும் உப்பளத்திலும் நூறு நாள் வேலையிலும் பெண்களும் இருக்கிறார்கள், கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக் குடித்துக்கொண்டு. ஆனால் வெயிலிலிருந்து வீட்டுக்கு வரும் ஆணுக்கு அன்றைய வெப்பம் வாசலோடு முடிகிறது. உடன் வேலை செய்துவிட்டு வரும் பெண்ணுக்கு இரண்டாவது வெப்பம் அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது மறுப்பு அறிவியலின் பெயரால் வருவது. அடுப்பருகே மானியை வைத்தால் சுடத்தான் செய்யும், அதெல்லாம் வானிலைப் பதிவாகுமா என்கிறார்கள். இவர்களுக்கு அன்னா மாணியை நினைவூட்ட விரும்புகிறேன். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருடைய ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. 1948-இல் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கருவிகளை நம்பியிருந்த நாட்டில் ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். சரியாக அளக்காத கருவியை விடக் கருவி இல்லாமலிருப்பதே மேல் என்று பிடிவாதமாக நின்ற மரபு அது. அந்த மரபை நான் மதிக்கிறேன். அந்த மரபிலிருந்தே கேட்கிறேன்: சரியாக அளப்பது முக்கியம் என்றால், மக்கள்தொகையில் பாதிப் பேர் வேலை செய்யும் இடத்தை அளக்காமலேயே பத்திரமானது என்று அறிவிப்பது எந்த வகை அறிவியல்? அடுப்படி எண்ணை வேலூரின் வெப்பநிலை என்று வெளியிடச் சொல்லவில்லை. தொழிற்சாலை உலைக்கூடத்தில் தொழிலாளி படும் வெப்பத்தை அளக்க ஈரக்குமிழ் வெப்பத்தையும் சுற்றிலும் இருந்து வரும் அனலையும் சேர்த்துக் கணக்கிடும் முறை பல பத்தாண்டுகளாகவே உண்டு. உலை முன் நிற்பவனுக்கு அளந்தால் தொழில் சுகாதாரம், அடுப்பு முன் நிற்பவளுக்கு அளந்தால் அறிவியல் இல்லையா?

அளவு இல்லாத இடத்தில் நியாயமும் கிடைப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல அறிவிப்பு. ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்று பதிவாக வேண்டும். வீதியில் விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், ஆம்புலன்ஸ் வரும், போலீஸ் வரும், சாட்சி இருக்கும். அடுப்படியில் விழுந்தவளைப் பற்றி ‘காலையிலிருந்தே மயக்கமா இருக்குன்னு சொன்னா, பித்தம்னு நெனச்சோம்’ என்பார்கள். மாரடைப்பு என்று எழுதப்படும், அல்லது எதுவுமே எழுதப்படாது. அவள் நின்ற இடத்தின் வெப்பம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல யாரிடமும் எண் இருக்காது.

எண் எடுத்துப் பார்த்த இடத்தில் என்ன தெரிந்தது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. இதுவரை இப்படிப்பட்ட இழப்புகளுக்கு நம் வீடுகளில் காரணமாகச் சொல்லப்பட்டவை என்னென்ன? ராசி, பப்பாளி, மருமகள் மாடிப்படி ஏறியது. எண் வந்த பிறகுதான் பழி அவள் உடம்பை விட்டு அவள் வேலை செய்த இடத்துக்கு நகர்கிறது. அளவெடுப்பதை நான் அரசியல் வேலை என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே கேட்கிறோம். அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், பீடி சுற்றும் தெருக்கள், ஷீட் கூரைக் குடியிருப்புகள் ஆகியவற்றில் வீட்டுக்குள் உள்ள வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கோடை முழுக்க அளந்து வெளியிட வேண்டும். இரவு வெப்பத்துக்குத் தனியே எச்சரிக்கை வேண்டும், பகல் 40-ஐத் தொட்டதா என்று பார்க்காமல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு வெயிலில் கை தளர்ந்தால் கூலியும் குறைகிறது. அந்த நாட்களுக்கு இழப்பீட்டுக் கூலி வேண்டும். ஷீட் கூரைகளுக்கு அரசு செலவில் வெள்ளைப் பூச்சு வேண்டும். நடுத்தெருவில் நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்கள் பந்தலுக்குப் பின்னால் ஒரு கழிப்பறையும் வைக்க வேண்டும். அறிவுரைப் பட்டியலில் ஒரு வரி சேர வேண்டும்: வீட்டிலுள்ள எல்லோரும் முறைபோட்டுச் சமையுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நிறைவேறுவதில் மிகக் கடினமானதும் அதுவாகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அரசு மானி மாட்டும்வரை காத்திருக்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து பணம் போட்டால் ஒரு மானி வாங்கிவிடலாம். அம்மா நிற்கும் இடத்தில், அவர் தோள் உயரத்தில் மாட்டுங்கள். இடம், கூரை, நேரம், வெப்பம், ஈரப்பதம், அந்த நேரத்தில் அங்கே யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று ஆறு கட்டம் போதும். தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள், விட்டுப்போன நாளை ஊகித்து நிரப்பாதீர்கள். எங்கள் நோட்டில் கடைசிக் கட்டத்தை நிரப்பியது பக்கத்து வீட்டுப் பெண்தான். மே 31 வரை அந்தக் கட்டத்தில் ‘சும்மா இருந்தார்’ என்று ஒருமுறைகூட அவள் எழுதவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சத்தமாக வாசியுங்கள். வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.